அஞ்சலைக்குச் சொந்தமான பதினாறு வீடுகள்

1. சாவி ரெடி, ஆள் இல்லை

"அந்தோணி சார், இந்த வூட்டுக்கு நாங்க வரமாட்டோம். இது ஏற்கெனவே வேற ஒருத்தி வூடு."

கன்னியம்மா இதைச் சொன்னபோது என் கையில் பதினாறு சாவிகள் ஒரே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் புதுச் சாவி. வீடுகளும் புத்தம் புதியவை. ஜன்னல் கண்ணாடியில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பேப்பரைக்கூட நான் இன்னும் உரிக்கவில்லை. இதில் யார் வந்து எப்போது குடியிருந்தார்கள் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சைட் சூப்பர்வைசராக நான் பார்த்த தலைவலிகள் எல்லாம் கட்டி முடிப்பதற்குள் வருகிறவை. மணல் வராது. மணல் வந்தால் கொத்தனார் வரமாட்டார். இரண்டும் வந்தால் மழை வரும். கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிய பிறகும் ஒரு தலைவலி வரும் என்று எனக்கு எந்த இன்ஜினியரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. இவ்வளவு கம்பெனி இருந்தும் ஏன் வீடில்லை

ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருந்தது எங்கள் சைட். வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்தால் ஆச்சரியப்படுவார்கள். இவ்வளவு கம்பெனி, இவ்வளவு வேலை, அப்புறம் ஏன் ஏரிக்கரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு சனங்கள் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கம்பெனிகள் வந்ததால்தான் இருக்கிறார்கள்.

தெற்கிலிருந்து வேலைக்கு வருகிற பசங்களுக்கு ரூம் வேண்டும். ஒரு குடும்பம் இருக்கிற இடத்தில் எட்டுப் பசங்களைப் போடலாம். தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஹவுஸ் ஓனர் அதை எனக்கு வகுப்பெடுப்பது மாதிரி விளக்கினார்.

"குடும்பத்துக்கு வுட்டா தொல்ல சார். கொயந்த செவுத்துல கிறுக்கும், தண்ணி செலவாவும், சொந்தக்காரன் வந்து தங்குவான். பசங்கன்னா ஷிஃப்டு முடிஞ்சி வருவானுங்க, தூங்குவானுங்க, பூடுவானுங்க. செவுரு எந்தக் கலர்ல கீதுன்னுகூட பாக்க மாட்டானுங்க."

இப்படி ஒவ்வொரு ஓனரும் கணக்குப் போட்டதில் உள்ளூர்க் குடும்பங்கள் வாடகை கொடுக்க முடியாமல் முதலில் ஊர் ஓரத்துக்குப் போனார்கள், பிறகு ஏரிக்கரைக்குப் போனார்கள். கன்னியம்மா அப்படிப் போனவர்தான். பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். பகலெல்லாம் டைல்ஸ் தரையில் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் சேற்றில் சாக்கை விரித்துப் படுப்பவர். ஏரிக்கரைச் சனங்களுக்கு அவர் பேச்சுதான் பேச்சு.

இவர்களுக்காகத்தான் ஒரு டிரஸ்ட் பதினாறு ஒற்றை ரூம் வீடுகள் கட்டியது. ரூம், சமையல் மேடை, பாத்ரூம். கூலி வேலை செய்கிறவர்களும் கட்டக்கூடிய வாடகை. டிரஸ்ட்டின் சார்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் நித்யா மேடம். சின்ன வயது, பெரிய பொறுமை. பணம் கொடுத்தது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் அட்மின் மேனேஜர் சுரேந்தர். அவருக்குப் பொறுமை சின்னது.

கம்பெனி பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. டிசம்பர் முடிவதற்குள் குடும்பங்கள் குடி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கட்டடத்தைக் கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு ஹாஸ்டலாக எடுத்துக்கொள்ளும். சுரேந்தர் அதற்காகவே காத்திருந்தார். சைட்டுக்கு வரும்போதெல்லாம் டேப்பை எடுத்து ரூமை அளப்பார்.

"அந்தோணி, டபுள் டெக்கர் காட் போட்டா ஒரு ரூமுக்கு ஆறு பேர் வருமா?"

"இது குடும்பத்துக்குக் கட்டினது சார்."

"தெரியும், தெரியும். சும்மா ஜெனரல் நாலெட்ஜுக்குக் கேக்கறேன்."

டிசம்பர் முடியும் வரை நாள் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் எவரும் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சமாட்டார்கள். கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே முகூர்த்தம். அதை விட்டால் தை. தைக்குள் சுரேந்தரின் கட்டில்கள் வந்து இறங்கிவிடும்.

இதைக் கேட்டு சுரேந்தர் சிரித்தார். "ஏரிக்கரையில இருக்கறவங்களுக்கு மார்கழி என்ன, தை என்ன?"

கன்னியம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஏரிக்கரைக்குப் போவ நாள் பாக்கல சார். அதனாலதான் அந்த லட்சணத்துல கீறோம். வூட்டுக்காவது நாள் பாத்துப் போறோம்" என்றார். சுரேந்தர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

3. அஞ்சலையின் அடுப்பு

இப்போது அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சைட்டில் டீ போட்டவள். ஐம்பது வயது இருக்கும். வாய் மட்டும் எப்போதும் இருபதில் இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர் அடுப்பு, ஒரு குண்டான், இவைதான் சொத்து. ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் நிற்கிற ஸ்டாப் இருக்கிறதே, அதன் பெஞ்சுதான் அவளுக்குப் படுக்கை.

வீடு கேட்டு அவளும் விண்ணப்பித்திருந்தாள். டிரஸ்ட் விதிப்படி வீடு குடும்பத்துக்குத்தான். குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர். அஞ்சலை ஒரே ஒருத்தி. நித்யா மேடம் வருத்தப்பட்டுத்தான் சொன்னார், ஆனாலும் இல்லை என்றுதான் சொன்னார். அஞ்சலை சண்டை போடவில்லை. "செரி மேடம், டீ ஆறுது, குடி" என்றாள்.

அதற்கு முந்தின வருஷத்து மழைக்காலத்தில்தான் சிக்கலுக்கு விதை போட்டோம். வெளியே தகரம் போட்டு அடுப்பு வைத்திருந்தாள். காற்றடித்தால் அடுப்பு அணையும், மழை பெய்தால் டீயே இல்லை. டீ இல்லாவிட்டால் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். தளம் போட்டு முடித்த முதல் வீட்டுக்குள் அடுப்பை வைத்துக்கொள் என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் பூச்சு வேலை வந்ததும் அடுத்த வீட்டுக்குத் தள்ளினேன். அங்கே டைல்ஸ் வேலை வந்ததும் அதற்கடுத்த வீடு. இப்படியே ஒரு வருஷம் அந்த அடுப்பு ஊர்வலம் போனது.

அஞ்சலையிடம் ஒரு குறை உண்டு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதை பேசுவாள். பால் பொங்கி வழியும். எனக்கு அது தாங்காது. பொருள் வீணாவதைப் பார்த்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும், அது சிமென்ட்டானாலும் சரி, பாலானாலும் சரி.

"அஞ்சல, பாலப் பாரு! உன் வாய்க்கு ஒரு மூடி போட்டா பாலுக்கு மூடியே வேணாம்."

"பூடுச்சி சார், கொஞ்சந்தான் பூடுச்சி."

இது தினமும் நடக்கும். என் குரல் கேட்டால் பால் பொங்கிவிட்டது, டீ வரப்போகிறது என்று கொத்தனார்களுக்குத் தெரியும். கரண்டியை வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள்.

4. வீடு சுற்றிக் காட்டிய படலம்

முகூர்த்த வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை கன்னியம்மாவும் இன்னும் சில பெண்களும் வீடு பார்க்க வந்தார்கள். நான் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அஞ்சலை தானாகவே வழிகாட்டி ஆகிவிட்டாள்.

"இந்த வூட்ல காத்து பிச்சுகினு வரும். அந்தக் கடைசி வூட்ல பைப்பு தொறந்தா ஊ...ன்னு ஊளையிடும், பயப்படாத. இந்தக் கதவு மழைக்கு இறுக்கும், முட்டி போட்டுத் தள்ளணும். இதோ இந்த மூலைல தலைய வெச்சிப் படுத்தீன்னா கொசு வராது."

கன்னியம்மா நின்றார். "உனுக்கு எப்டிடி இதெல்லாம் தெரியும்?"

"நல்லா கேட்ட போ. எல்லா வூட்லயும் நான்தான அடுப்பு வெச்சிருந்தேன்."

"அடுப்புன்னா? சோறு ஆக்கினியா?"

"சோறு இல்லக்கா. பாலு."

நான் லாரியை அனுப்பிவிட்டு வந்தபோது ஏரிக்கரையிலிருந்து இன்னும் கூட்டம் வந்திருந்தது. மிச்சமிருந்த ஹாலோ பிளாக் கற்களின் மேல் மூத்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலையை நிற்க வைத்து கன்னியம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். வக்கீல்கூடத் தோற்றுப்போவார்.

"பால் காய்ச்சினியா?"

"டீன்னா பால் காய்ச்ச வேணாமா?"

"பொங்கிச்சா?"

அஞ்சலை என் பக்கம் கையைக் காட்டினாள். "அத்த சாரக் கேளு. தெனிக்கும் அதுக்குத்தான என்னிய திட்டிகினு இருந்தாரு."

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நின்ற கொத்தனார் சங்கரன், தென்காசிக்காரர், கேட்காமலே சாட்சி சொன்னார். "பொங்கிச்சும்மா. சார் போடுத சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேக்கும்லா."

நான் என் வாதத்தை வைத்தேன். "அம்மா, அது பால் காய்ச்சறது இல்ல. அது டீ. டீக்கும் பால் காய்ச்சறதுக்கும் என்ன சம்பந்தம்?"

கன்னியம்மா அஞ்சலையைக் கேட்டார். "டீத்தூளு எப்ப போடுவ?"

"பாலு பொங்கினதுக்கு அப்பாலதான்."

"பொங்கச் சொல்ல அது வெறும் பாலு" என்றார் கன்னியம்மா. கற்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். 

"கடசியா ஒண்ணு. ராவுல தங்கினியா?"

அஞ்சலை முதன்முறையாகத் தயங்கினாள். "மழைல பஸ் ஸ்டாப்புல தண்ணி நிக்கும்க்கா. அடுப்பு எந்த வூட்ல கீதோ அங்கியே படுத்துப்பேன். ஒரு வூடும் பாக்கியில்ல."

இது எனக்கே தெரியாது. வேலை முடிந்ததும் போய்விடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பால் காய்ச்சி, அது பொங்கி, அன்றிரவு தங்கியும் விட்டால் அந்த வீடு யாருடையது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பதினாறும் அஞ்சலை வீடுகள். அப்போதுதான் கன்னியம்மா நான் முதலில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார். இன்னொருத்தி பால் காய்ச்சிய வீட்டில் அவளைக் கேட்காமல் போய் உட்கார்ந்தால் விளங்காது. எல்லாரும் எழுந்து ஏரிக்கரைக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

5. நாங்கள் செய்த வைத்தியங்கள்

செவ்வாய்க்கிழமை பெயின்ட்டரை வரவழைத்து, எல்லாச் சுவரிலும் இன்னொரு கோட்டிங் அடித்துவிடலாமா என்று கேட்டேன். கன்னியம்மா, "ஜாக்கெட்ட மாத்தினா ஆளு மாறிடுவாளா?" என்றார். பெயின்ட்டர் வந்ததற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஏரிக்கரைக் குடும்பங்களில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. நானும் வேதக்காரன். அவர்களையாவது முதலில் குடி வைத்துவிட்டால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுப் போய்ப் பேசினேன். "எங்களுக்கு மார்கழியெல்லாம் கெடையாது பிரதர். அது கிறிஸ்துமஸ் மாசம். ஆனா பாலு எல்லாருக்கும் பாலுதான" என்றார்கள்.

கடைசி அஸ்திரமாக எங்கள் பங்கு ஃபாதரை என் வண்டியின் பின்னால் உட்கார வைத்து அழைத்துவந்தேன். மனுஷர் பதினாறு வீட்டுக்கும் பொறுமையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் பயபக்தியாக நின்றார்கள். முடிந்ததும் கன்னியம்மா கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷம் ஃபாதர். அஞ்சல வூடு இப்ப இன்னும் நல்லாக் கீது."

ஃபாதர் அஞ்சலை கொடுத்த டீயைக் குடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தோணி, இது என் ஏரியா இல்லப்பா. என்னை சாப்பாட்டு நேரத்துக்குள்ள கொண்டு விட்டுடு" என்றார்.

அன்றைக்கே சுரேந்தர் போன் செய்தார். "வீட்டுக்கு ஆள் வரலையாமே? கட்டிலுக்கு ஆர்டர் குடுத்துடட்டுமா?" குரலில் அவ்வளவு அனுதாபம்.

நித்யா மேடம்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். கன்னியம்மாவிடம் போய், "அந்தம்மா விட்டுக்கொடுத்துட்டா சரியாயிடுமா?" என்றார்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆகும் என்றார்கள். அஞ்சலை ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று, இது இனிமேல் உன் வீடு என்று தன் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த வீட்டில் புதிதாகப் பால் காய்ச்சிக்கொள்ளலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய் வார்த்தைதானே, அஞ்சலையிடம் அதற்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

6. தரமாட்டேன்

அஞ்சலை கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தரமாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"பதினாறு வூட்டுக்காரின்னு நேத்துதான் எனுக்கே தெரியும். நாலு நாளாவது கெத்தா சுத்திட்டு வரேன் சார். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

வேடிக்கை பேசுகிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் ஏறியது. "உன்னால பதினாறு குடும்பம் மழையில கெடக்குது, தெரியுமா?"

"நானுந்தான் மழைல கெடக்கறேன். ஒண்டிக்கட்டன்னு என் மேல கொஞ்சமாவா பேயுது?" அவள் குரல் உயரவில்லை. "எல்லா வூட்டையும் என் வாயால குடுத்துட்டு, அப்பால நான் பொட்டிய தூக்கினு பஸ் ஸ்டாப்புக்குப் போவணும். அதான சார்? நீ போவியா?"

 எனக்குக் கோபம் அப்படியே இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு வருஷம் அவள் போட்ட டீயைக் குடித்திருக்கிறேன், பாலைக் கொட்டினாள் என்று திட்டியிருக்கிறேன், மழையில் எங்கே படுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனசுக்கு வெட்கமாக இருந்தது.

நித்யா மேடத்தோடு கன்னியம்மா வந்தார். அஞ்சலையை நாலு வாங்கு வாங்கப் போகிறார், வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவ சொல்றதும் ஞாயந்தான். வூடு இல்லாதவ குடுக்கற வூடு எப்டி வெளங்கும்? மொதல்ல அவளுக்கு ஒரு வூடு வேணும். அங்க அவ பால் காய்ச்சணும். அப்பாலதான் எங்களுக்கு."

"கன்னியம்மா, இருக்கறதே பதினாறு வீடு. பதினாறுக்கும் ஆள் இருக்கு."

"அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க சார். நீங்கதான சூப்ரவைசரு" என்று சொல்லிவிட்டு, அஞ்சலையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டி, இந்தக் காம்பவுண்டுக்குள்ள நீ பால் காய்ச்சாத ரூமே கெடையாதா?"

அஞ்சலை யோசித்தாள். பிறகு கேட் பக்கம் கையை நீட்டினாள். "சாரு ரூம்ல மட்டும் வுடல. உள்ள காலு வெச்சாலே சிமென்ட்டு சிமென்ட்டுன்னு கத்துவாரு."

எல்லாரும் அந்த ரூமைப் பார்த்தார்கள். கேட் ஓரத்தில் இருந்த ஆபீஸ் ரூம். நான் சிமென்ட் மூட்டை அடுக்கி, என் நாற்காலியைப் போட்டிருந்த இடம். பிறகு டிரஸ்ட்டின் ஆபீஸ் ஆக வேண்டியது. நித்யா மேடம் மேஜைக்கும் பெயர்ப் பலகைக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். பிளானை அப்படியே காப்பி அடித்துக் கட்டியதால் அதிலும் ஒரு சமையல் மேடை இருந்தது, பாத்ரூம் இருந்தது. ஆபீஸுக்கு எதற்கு சமையல் மேடை என்று கட்டும்போது நான் இன்ஜினியரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

நித்யா மேடம் போய் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "எனக்கு ஆபீஸ் எதுக்கு? வாரத்துக்கு ஒரு நாள் வரேன், எங்கயாவது உக்காந்துக்கறேன்" என்றார்.

"கேர்டேக்கர்னு போட்டுக் குடுத்துடலாம் மேடம். மோட்டார் போட ஆள் வேணும்ல" என்று நான் வழி சொன்னேன்.

"வேணாம் சார். அந்த வேலை போச்சுன்னா வீடும் போயிடும். அவங்களும் வாடகை கட்டிட்டு உரிமையா இருக்கட்டும். நான் விதியையே மாத்தச் சொல்றேன்."

அன்று மாலையே போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். அறங்காவலர்களோடு பேசினார், கெஞ்சினார், ஒரு கட்டத்தில் சண்டையும் போட்டார். அந்தப் பொறுமைசாலிக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அஞ்சலை எதுவும் கேட்காமல் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் பால் ஒரு தடவைகூடப் பொங்கவில்லை. கதை பேசுகிற மனநிலையில் அவள் இல்லை.

வியாழக்கிழமை மதியம் மேடம் வேகமாக நடந்து வந்தார். "ஒத்தையா இருக்கறவங்களும் வீடு கேக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ரூமைக் காலி பண்ணுங்க சார்."

நானும் சங்கரனும் சிமென்ட் மூட்டைகளைச் சுமந்து வெளியே போட்டோம். என் இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

7. வெள்ளிக்கிழமை

காலையில் மழை விட்டிருந்தது. அஞ்சலை தலைக்குக் குளித்து, கன்னியம்மா கொடுத்த மஞ்சள் புடவையில் வந்தாள். பழைய அடுப்பு, பழைய குண்டான். ஏரிக்கரைச் சனம் மொத்தமும் கேட் பக்கம் கூடி, வாசலில் எட்டிப் பார்த்தது. நான் உள்ளே சுவரோரம் நின்றேன்.

அவள் பாலை வைத்தாள். ஒரு வருஷமாக ஒரு நாளும் பாலைப் பார்க்காதவள், அன்று இமை கொட்டாமல் பார்த்தாள். பால் மெல்ல ஏறியது. விளிம்புக்கு வந்தது. அவள் கை தானாக அடுப்பின் குமிழுக்குப் போயிற்று. பிறகு பயந்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எப்போது கத்துவேன் என்று பார்த்த பார்வை அது.

"பொங்கட்டும் அஞ்சல. விடு" என்றேன்.

பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்து அடுப்பை அணைத்தது. "ஸ்தோத்திரம்" என்றது ஒரு குரல், "அம்மா தாயே" என்றது இன்னொரு குரல். அஞ்சலை பழக்கத்தில் துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். கன்னியம்மா கையைப் பிடித்து, "இருக்கட்டும்டி, இன்னிக்கு இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிமென்ட் தூசி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரூமை நானே வியாழக்கிழமை கழுவிவிட்டிருந்தேன்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. முகூர்த்தம் முடிவதற்குள் பதினாறு வாசலிலும் நிற்க வேண்டும். நான் அவசரப்படுத்த, அவள் ஜமீன்தாரிணி மாதிரி நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது இனிமே உன் வூடு" என்று சொல்லிவிட்டு உபதேசம் வேறு செய்தாள். "பைப்ப மெதுவா தொற." "செவுத்துல ஆணி அடிக்காத, சாருக்குப் புடிக்காது." கன்னியம்மாவின் வாசலுக்கு வந்தபோது மட்டும் சொன்னாள், "இதுலதான்க்கா நான் மொத மொத படுத்தேன். அன்னிக்கு நல்ல தூக்கம்." கன்னியம்மா அவளைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வீடு பால் பொங்கியது. நான் ஒரு துளிக்கும் கத்தவில்லை.

சுரேந்தர் தன் டைரக்டரை அழைத்துக்கொண்டு வந்தபோது பதினாறு வாசலிலும் கோலம் இருந்தது, கொடியில் துணி காய்ந்தது. டேப்பை அவர் வெளியே எடுக்கவே இல்லை. டைரக்டரை ஆபீஸ் ரூமில் உட்கார வைக்கலாம் என்று நேராக அங்கே போனார். வாசலில் அஞ்சலை நின்றாள்.

"செருப்பக் கயட்டிட்டு உள்ள வா சார். இது என் வூடு."

சுரேந்தர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். டைரக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து டீ குடித்தார். நல்ல டீ என்று இன்னொரு டம்ளரும் கேட்டார்.

8. சொல்ல வந்தது

இப்போது நான் ரிட்டயர்டு. சின்னவர்கள் யாராவது, சைட்டில் கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்டால், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிற க்யூரிங், கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் எல்லாம் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்வேன். டீ அடுப்பை வீட்டுக்குள் விடாதே. டீ போடுகிறவர் எங்கே படுக்கிறார் என்று முதல் நாளே கேள். முதலாவதை நான் கடைப்பிடித்திருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது. அஞ்சலை இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில்தான் இருந்திருப்பாள். அதனால் முதலாவதைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை விடாதீர்கள்.

அந்தப் பக்கம் போனால் அவள் வீட்டில் டீ குடிக்காமல் நான் திரும்புவதில்லை. போன வாரமும் போனேன். என்னை உட்கார வைத்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மருமகள் சங்கதியை ஆரம்பித்தாள். பால் ஏறிக்கொண்டே வந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அஞ்சல, பாலப் பாரு!"

அவள் திரும்பக்கூட இல்லை. "என் வூட்ல பொங்குது. உனுக்கு இன்னா சார்?" என்றாள்.